சீரம் பத்து சதவீதம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவளும் குறையில்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? மழைக்கு முந்தின நாளே வலித்து வானிலை அறிக்கை வாசிக்குமே, இன்னும் வாசிக்கிறதா?

ஒரு ஏற்பாடு. இனிமேல் போன் வேண்டாம். போன தடவை, அதற்கு முந்தின தடவை, அதற்கும் முந்தின தடவை, நாலாவது நிமிஷத்தில் நம்மில் ஒருவர் பட்டென்று போனை வைத்தாயிற்று. கடிதமாக எழுது. திட்டுவதானாலும் எழுதியே திட்டு. பாரத்தைத் தபால்காரர் சுமக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கூடவே ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். மேஜை, கதவுப்பிடி, கட்டில் கம்பி என்று துணியில் நனைத்துத் துடைப்பதற்காக எட்டு வருஷமாக நான் விற்றுவரும் அதே கிருமிநாசினிதான். ஒன்றரை வருஷத்துக்கு முன் முதலாளி அதைப் புகை மாதிரி தெளிக்கும் இயந்திரம் ஒன்று கொண்டுவந்தார். கூரையில் மாட்டிவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை தானாகவே தெளிக்கும். அறையில் ஒரு கிருமி மிஞ்சாது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது நாற்பது பள்ளிகளில் மாட்டப் போகிறோம். அந்த ஆர்டரைப் பிடித்தது யார் தெரியுமா? உன் உதவாக்கரைத் தம்பி.

துடைப்பதற்குப் பழைய சான்றிதழ் இருக்கிறது. தெளிப்பதற்கும் அதுவே பொருந்தும் என்று உன் ஆய்வுக்கூடத் தாளில் நாலு வரி வேண்டும். பயப்படாதே. ஒன்றரை வருஷமாக ஊர் ஊராகப் போய், மூடின அறையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை நானே போட்டுக் காட்டியிருக்கிறேன். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

கிண்ணத்துக்குள் இருக்கிற செல்லைக் குனிந்து பார்த்தே முதுகு வளைந்துபோன நீ, ஒரு தடவையாவது வெளியில் இருக்கிற மனுஷனுக்கு உபயோகமாக ஏதாவது செய்.

பச்சை மையில் எழுதி மிரட்டாமல் பதில் போடு.

உன் தம்பி


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். முழங்கால் அதன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. உன்னைப் போல் வேலை மாற்றவில்லை. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பாவம், அவளுக்கு என்ன பொறுமை.

உன் மந்திரத் தண்ணி வந்து சேர்ந்தது. பாட்டிலில் ஒட்டின சீட்டைப் படித்து ஆய்வுக்கூடமே சிரித்தது. 'நானோ தொழில்நுட்பம்', 'இயற்கையோடு இணைந்தது', 'குழந்தையின் மூச்சைப் போல் மென்மையானது'. இதை எழுதினவனைக் கூப்பிட்டு, நானோ என்றால் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பான்.

உள்ளே இருப்பது என்ன என்று நான் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத துகள்கள். அவற்றின் மேல் சங்கிலி மாதிரி நீளமான ஒரு பாலிமர். அந்தச் சங்கிலி முழுக்கக் கூட்டல் மின்சுமை. கிருமியின் உறைக்கு வெளிப்புறம் கழித்தல் மின்சுமை. இரண்டும் எதிர்ப்பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சும்மா இராது. அந்த உறை என்பது இரண்டே இரண்டு அடுக்குக் கொழுப்பு. சங்கிலி அந்தக் கொழுப்பைப் பிய்த்துத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். ஓட்டை விழும். உள்ளே இருப்பது வெளியே ஒழுகும், வெளியே இருப்பது உள்ளே நுழையும். கிருமி சாகும். இதுவரைக்கும் உன் முதலாளி சொல்வது சரி.

மனுஷச் செல்லின் உறையும் அதே கொழுப்புதான் என்பதை யாராவது அந்த மேதாவியிடம் சொன்னார்களா? அந்தச் சங்கிலிக்குக் கிருமி எது, நீ எது என்று ஆள் அடையாளம் தெரியாது. உன் கையில் பட்டால் ஒன்றும் ஆகவில்லை என்றால், தோலின் மேலே செத்த செல்கள் ஓடு போட்ட மாதிரி கிடக்கின்றன, அதனால். நுரையீரலுக்குள் அந்த ஓடு கிடையாது. அங்கே உயிருள்ள செல்கள் வெறும் மேனியாக நிற்கின்றன. துடைப்பது வேறு, மூச்சில் இழுப்பது வேறு. நாலு வரி இல்லை, நாலு எழுத்துகூடத் தர மாட்டேன்.

நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த டைல்ஸ் கடை வேலையை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியில் ஏன் போய் விழுந்தாய் என்று எட்டு வருஷத்துக்கு முன் கேட்டேன். பல்லைக் காட்டினாய். இன்று வரை பதில் இல்லை.

போன மாசம் போனில் நடுநடுவே இருமினாயே, அது என்ன? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை காணோம். அந்தச் சான்றிதழை அனுப்பு. அதன் லட்சணத்தையும் பார்த்துவிடுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

இங்கு சௌக்கியம். அங்கும் சௌக்கியம் என்பது உன் எழுத்தின் காரத்திலேயே தெரிகிறது.

நான் கேட்டது நாலு வரி. நீ எடுத்தது ஒரு மணி நேர வகுப்பு. இரண்டாம் பக்கம் வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கொழுப்பு, கூட்டல், கழித்தல்! உன் கிண்ணத்து செல்லுக்குத் தும்மினாலே சளி பிடிக்கும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு மனுஷனுக்குத் தீர்ப்பு எழுதுகிறாயா? உங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். தண்ணீரைக் கொடுத்தாலும் 'எவ்வளவு நேரம், எந்த அளவு' என்று கேட்டுவிட்டுக் குடிக்காமலே போவீர்கள்.

சான்றிதழ் கேட்டாயே, இதோ. கம்பெனித் தாளில் அடித்த சுருக்கம் இது. 'செல்களுக்கு எந்தச் சேதமும் இல்லை' என்று தமிழில் தெளிவாகப் போட்டிருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படி.

வேறு செய்தி: மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு மாறிவிட்டோம். ஏறி இறங்கவே பாதி நாள் போனது. வேலை அதிகம். மற்றபடி ஒன்றுமில்லை.

தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? கீழ்வீடு காற்றோட்டமாக இருக்கிறதா?

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது.

நாலு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் பாட்டிலைச் சோதித்தேன். டைரக்டருக்குத் தெரியாது. தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். எல்லாவற்றிலும் நுரையீரல் செல்கள். அவற்றுக்கு நாங்கள் தினமும் கொடுக்கும் சாப்பாட்டில் சீரம் இருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரத நீர், பத்து சதவீதம். பாதிக் குழிகளில் சீரத்தை அப்படியே விட்டேன். பாதியில் எடுத்துவிட்டேன். பிறகு எல்லாவற்றிலும் உன் மந்திரத் தண்ணியை, நீ தெளிக்கிற அளவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் விட்டேன். உறை கிழிந்து உள்ளே இருப்பது ஒழுகினால், நான் சேர்க்கும் சாயத்தோடு கலந்து குழி சிவப்பாகும். அவ்வளவுதான் சோதனை. குழந்தைகூடப் படிக்கும்.

சீரம் இருந்த பாதி நாள் முழுக்க வெளிர் மஞ்சளாகவே நின்றது. சீரம் இல்லாத பாதி இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சிவப்பு. ஒரு குழி பாக்கி இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்: அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டு பரந்து கிடக்க வேண்டிய செல்கள் உருண்டு சுருங்கி மிதந்தன.

காரணம் என்னவென்றால், சீரத்திலிருக்கும் புரதம் ஓடிப்போய்த் துகளைப் போர்த்திக்கொள்கிறது. கூட்டல் மின்சுமை போர்வைக்குள் மறைந்துவிடுகிறது. அதனால் செல் தப்பிக்கிறது. நுரையீரலில் அந்தப் போர்வைக்கு எங்கே போவது?

இப்போது உன் சான்றிதழுக்கு வருகிறேன். அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பார்த்தாயா? 'சீரம் பத்து சதவீதம்.' அதாவது யாரோ ஒரு புண்ணியவான் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றுவிட்டு, 'மழை நனைக்காது' என்று சான்று கொடுத்திருக்கிறார்!

யார் அந்த மகானுபாவர்? சோதனைக்கு முன் சீரத்தை எடு என்பது முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம். நானும் ஆரம்பத்தில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் கூலிக்குச் சோதனை செய்தவள்தான். எண் ஒட்டின குப்பி வரும், யார் அனுப்பினது, எதற்கு என்று எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாளைக்கு இருபது குப்பி. அதற்காக மூளையைக் கழற்றி வெளியில் மாட்டிவிட்டா உள்ளே போனோம்? இப்படிப்பட்ட ஜென்மங்களுக்கெல்லாம் கையில் சொட்டு அளக்கும் பிப்பெட்டைக் கொடுத்தது யார்? தட்டு கழுவக்கூட லாயக்கில்லாத கை அது. அந்தக் கையெழுத்தை நான் பார்க்க வேண்டும். சுருக்கம் வேண்டாம். பரிசோதனைக்கூடத்தின் அசல் தாளை அனுப்பு. அந்த ஆளை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அதுவரை இயந்திரத்தைப் போடாதே. இது அக்கா சொல்வது.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

அசல் தாள் கிடைக்கவில்லை. பழைய கட்டுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அதை விட்டுவிடு.

அந்த ஆளைத் திட்டாதே. ஒரு நாளைக்கு இருபது குப்பி என்றால் யாராக இருந்தாலும் கை தவறும். பாவம், அன்றைக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ.

தம்பி


மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியமா? எண்ணெய் தேய்க்கிறேன்.

என்ன இது புது ஞானம்? எதிர்வீட்டுக்காரர் வண்டியைக் கோணலாக நிறுத்தினால்கூட ஒரு வாரம் வசை பாடுகிறவன் நீ. முகம் தெரியாத ஒரு மடையனுக்காக உருகுகிறாய்! கை தவறவில்லை தம்பி, சோம்பல். சீரத்தை எடுத்தால் செல்கள் பசியில் சுருங்கும், சில குழிகள் கெடும், தட்டை மறுபடி போட வேண்டிவரும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து விட்டிருக்கிறார்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவள், எனக்கா தெரியாது? அந்த ஆள் செய்த சிக்கனத்துக்கு நாற்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நுரையீரல் விலை. இதில் பாவம் பார்க்க என்ன இருக்கிறது?

எடைக்குப் போட்டது பொய். சான்றிதழை எடைக்குப் போட்டுவிட்டு எந்தக் கம்பெனி நாற்பது பள்ளிக்கு ஆர்டர் எடுக்கும்? யார் காதில் பூ சுற்றுகிறாய்? நீ அனுப்பாவிட்டால் உன் முதலாளிக்கே எழுதுகிறேன்.

இன்னொன்று. உன் எழுத்து ஏன் வரிக்கு வரி கீழே இறங்குகிறது? படுத்துக்கொண்டா எழுதினாய்?

அக்கா


ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலமா என்று கேட்கிறேன். நாலு வாரமாகக் கேட்கிறேன்.

ஏற்பாட்டை மீறி மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உன் மனைவிதான் எடுத்தாள். காலை பதினொரு மணிக்கு, "குளிச்சிட்டிருக்காங்க அக்கா." மதியம் இரண்டு மணிக்கு, "குளிச்சிட்டிருக்காங்க அக்கா." மாலை ஐந்து மணிக்கும் குளியல். உலகத்திலேயே சுத்தமான சேல்ஸ்மேன் நீதான் போலிருக்கிறது. கிருமிநாசினிக்கே அவசியமில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள். குளியலறையிலிருந்து வந்த சத்தம் இல்லை அது.

உன் முதலாளியும் பதில் போடவில்லை. அவரும் குளிக்கிறார் போல.

கோபமென்றால் கோபமென்று எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது.

நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் நடப்பதை எழுதுகிறேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு வருஷமாகவே இருமல். கீழ்வீட்டுக்கு வந்தது மாடி ஏற முடியாமல்தான். சட்டைக்கு நாலு பட்டன் போடுவதற்குள் இரண்டு தடவை உட்காருகிறார். போன் வேண்டாம் என்றது உங்கள் மேல் கோபத்தால் இல்லை. நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச வரவில்லை. நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று கடிதம் என்றார். என்னையும் பொய் சொல்ல வைத்தார். எனக்கு வேறு பொய் தோன்றவில்லை, மூன்று தடவையும் குளிக்கவே வைத்துவிட்டேன்.

நுரையீரல் விறைத்துக்கொண்டே போகிறது என்கிறார் டாக்டர். காரணம்தான் பிடிபடவில்லை. "என்ன வேலை பார்த்தீங்க? தூசியா, புகையா, மருந்தா?" என்று நான் பார்க்கவே மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்று தடவையும் இவர், "டைல்ஸ் கடை" என்றே சொல்கிறார். கல் தூசி என்று நினைத்து அதற்கான வைத்தியம் நடக்கிறது. நான் வாயைத் திறந்தால் முறைக்கிறார். நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காரணம் தெரியாம வைத்தியம் பண்றது கண்ணைக் கட்டிட்டு ஊசி போடற மாதிரிம்மா. உண்மையைச் சொல்லச் சொல்லுங்க, இருக்கறதையாவது காப்பாத்தலாம்" என்றார்.

ஏன் மறைக்கிறார் என்று எனக்கு இரண்டு மாசமாகத் தெரியும். நீங்கள் கேட்ட அசல் தாள் எடைக்குப் போகவில்லை. இயந்திரம் போட்டுக் காட்டும் பைக்குள், கண்ணாடித்தாள் ஒட்டி, கசங்காமல் வைத்திருக்கிறார். அதைத்தான் இத்துடன் அனுப்புகிறேன். கீழே இருக்கும் கையெழுத்தைப் பாருங்கள். பச்சை மை.

அந்தக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போன அன்று இந்தத் தாளைத்தான் காட்டினார்களாம். வீட்டுக்கு வந்து, "அக்கா கையெழுத்து இருக்குடீ! அவ பார்த்த சரக்கு, கண்ணை மூடிட்டு விக்கலாம்" என்று குதித்தார். உங்களிடம் சொல்லலாமே என்றேன். "சொன்னா தலைக்கு மேல ஏறி உக்காந்துக்குவா" என்றார்.

ஊர் ஊராகப் போய் இயந்திரத்துக்கு நேர் கீழே நின்று, நன்றாக மூச்சை இழுத்துக் காட்டுவார். "எங்க அக்கா டெஸ்ட் பண்ணினது சார். அவங்க என்னையே நம்ப மாட்டாங்க, இதை நம்பியிருக்காங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஆர்டர் கிடைக்கும்.

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க சாப்பிடவில்லை. மறுநாளே முதலாளியிடம் போய், பள்ளிக்கூடத்தில் இப்போது மாட்ட வேண்டாம் என்று சொன்னார். அவர், "உனக்கு உடம்பு சரியில்ல, போய்ப் படு" என்று அனுப்பிவிட்டார். தாளைக் காட்டிச் சண்டை போட்டால் தப்பு உங்களுடையது என்று வெளியே வரும். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். "அவ அந்த ஆளைத் திட்டினதைப் படிச்சே இல்ல? அது அவதான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா" என்றார்.

அக்கா, நீங்கள் படித்தவர்கள். உங்கள் இரண்டு பேருடைய ரோஷத்தையும் எட்டு வருஷமாக நான்தான் துவைத்துக் காயப்போடுகிறேன். எனக்குச் சலித்துவிட்டது. அவர் இதற்காக என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, மூச்சு விட்டால் போதும்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


மே 9

பெறுநர்: கிருமிநாசினி நிறுவனத்தின் முதலாளி அவர்கள்.
நகல்: நாற்பது பள்ளிகளின் நிர்வாகங்கள், சுகாதார ஆய்வு அலுவலகம், நுரையீரல் மருத்துவர், என் டைரக்டர்.

ஐயா,

உங்கள் கிருமிநாசினி செல்களுக்குச் சேதம் செய்யாது என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தரப்பட்ட பரிசோதனை அறிக்கை தவறானது. சோதனையின்போது சீரம் நீக்கப்படவில்லை. சீரம் நீக்கிச் செய்த சோதனையில், நீங்கள் தெளிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கிலேயே நுரையீரல் செல்களின் உறை இரண்டு மணி நேரத்தில் கிழிந்துவிட்டது. அளவீடுகளை இணைத்துள்ளேன். இந்தத் திரவத்தை மூச்சில் போகும்படி எந்த அறையிலும் தெளிக்கக் கூடாது.

தெளித்துக் காட்டும் வேலையில் ஒன்றரை ஆண்டு இருந்த உங்கள் ஊழியர் ஒருவர் இப்போது ஆக்சிஜன் குழாயுடன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

அந்தப் பழைய அறிக்கையைத் தயாரித்துக் கையெழுத்திட்டவர் யார் என்று நீங்கள் கேட்கக்கூடும். நான்தான். இத்துடன் அதைத் திரும்பப் பெறுகிறேன். இதற்கான விசாரணை எங்கே நடந்தாலும் வந்து சொல்வேன்.

இப்படிக்கு,
செல் பரிசோதகர்


மே 9

என் தம்பிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. டாக்டருக்கு நான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கல் தூசி இல்லை, பாலிமர் என்று அவருக்கு இப்போது தெரியும். இனி "டைல்ஸ் கடை" என்று சொல்லிப் பயனில்லை.

தாளைப் பார்த்தேன். குப்பி எண்ணைப் பார்த்தேன். எனக்கு அந்த நாள் நினைவே வரவில்லை தம்பி. அதுதான் பெரிய அசிங்கம். எல்லாரும் சீரத்தை விட்டுத்தான் சோதனை செய்தோம். செல்கள் பட்டினியில் சுருங்கினால் தட்டு கெடும். செல்கள் பாவம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். செல்லுக்குப் பாவம் பார்த்தேன். குப்பியின் மறுமுனையில் யார் மூச்சு விடப்போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

தட்டு கழுவக்கூட லாயக்கில்லாத கை என்று எழுதினேன். அதே கையால் எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டு, பாவம், அன்றைக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ என்று எனக்காக எனக்கே பரிந்து எழுதினாய். ஏண்டா? பளாரென்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? நீ வாங்கின திட்டையெல்லாம் ஒரே தாளில் திருப்பி என் முகத்தில் எறிந்திருக்கலாமே! என் பெயரைக் காப்பாற்ற உன் மூச்சையா கொடுப்பாய்? இவ்வளவு பெரிய முட்டாளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருத்தி இருந்தாள்.

தப்பு செய்தது நான். உன்னை நம்பாதவள் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்தாயே, அது உண்மை. நான் உன்னை நம்பவில்லை. நீ என்னை நம்பினாய். அதுதான் உன் நுரையீரலுக்குள் போயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கு இது பழக்கமில்லை, சரியாக வந்திருக்கிறதா தெரியவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். துரத்தாதே.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள ஹெட்மாஸ்டருக்கு,

நலம் என்று எழுதினால் இனி நம்ப மாட்டாய். அதனால் கணக்காகச் சொல்கிறேன். விறைத்தது விறைத்ததுதானாம், திரும்பாதாம். மருந்தை மாற்றின பிறகு மீதி அப்படியே நிற்கிறது. நேற்று ஆறு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினேன். ஆறும் இவளைத் திட்டியது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தாயா? ஒரு மாசம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தது முழங்காலுக்கு ஆகியிருக்காதே.

பள்ளிக்கூட ஆர்டர் ரத்து. முதலாளி என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார். எட்டு வருஷம் உழைத்தவனுக்கு ஒரு வரி. அந்த வரியிலும் இரண்டு எழுத்துப்பிழை. இந்த ஆளிடமா இத்தனை வருஷம் கைகட்டி நின்றேன் என்று சிரித்தேன். சிரித்ததற்கு அரை மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள்.

உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று இவள் சொன்னாள். போ. நிமிர்ந்து உட்கார்ந்து சொல். அழாதே, உனக்கு அழத் தெரியாது, பார்க்கச் சகிக்காது. வியாழக்கிழமை பார்த்தேனே.

நீ கொண்டுவந்து கொடுத்த பழைய தாள் இனி என் பைக்குள் வேண்டாம். அந்தக் கண்ணாடித்தாளைப் பிரித்து எனக்கு நீ எழுதின மே ஒன்பதாம் தேதிக் கடிதத்தை உள்ளே வைத்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தைந்து வருஷத்தில் நீ முதல் தடவையாகத் தப்பென்று ஒத்துக்கொண்டது. அதுவும் பச்சை மையில். விடுவேனா? இந்த வார்டில் இருப்பவர்கள் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது.

இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. போதும் இந்தக் கடிதம். போன் செய். என்னால் பேச முடியாது, நீ பேசு. திட்டு. நடுவில் கர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும், அது நான் மூச்சு விடுவது. வைத்துவிடாதே.

உன் தம்பி